கார்டில் மூன்று கெர்னல், போர்டு எதை எடுக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பேர்-மெட்டல் பற்றியவை. லினக்ஸ் போன்ற ஓ.எஸ். எதுவும் இல்லாமல், நாமே எழுதிய நிரல் நேராகச் செயலியின் மேல் ஓடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். போர்டு என்பது ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி; பை 1, பை 3, பை 4 எல்லாம் அதன் வகைகள். போர்டு எழும்பியதும் ஏற்றி ஓட்டும் நிரல்தான் கெர்னல், அதன் கோப்பு இமேஜ். கோப்புப் பெயர்களையும் அமைப்பு வரிகளையும் இங்கே ஒலிப்படி அச்சிட்டிருக்கிறோம். கார்டில் எழுதும்போது அவை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 0எக்ஸ் என்று தொடங்குபவை பதினாறடிமான எண்கள்.

கேள்வி: ராஸ்பெரி பை 3 வைத்திருக்கிறேன். ஒரே எஸ்டி கார்டில் கெர்னல்.ஐஎம்ஜி, கெர்னல்7.ஐஎம்ஜி, கெர்னல்8.ஐஎம்ஜி மூன்றும் இருக்கின்றன. 8-இல் நான் புதிதாக எழுதிய 64 பிட் நிரல் இருக்கிறது. ஆனால் எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பழைய 7-தான் ஓடுகிறது. எதை வைத்து முடிவு செய்கிறது இந்த போர்டு?

பெயரை வைத்து. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வைத்து அல்ல.

'ஆர்ம்_64பிட்' என்ற மதிப்பை கான்ஃபிக்.டிஎக்ஸ்டி என்ற அமைப்புக் கோப்பில் நாம் சொல்லாவிட்டால் பை 3-இல் அது 0. அப்படியென்றால் 32 பிட். 32 பிட்டில் பை 3-க்கு உரிய பெயர் கெர்னல்7.ஐஎம்ஜி. அந்தப் பெயரில் கோப்பு கிடைத்துவிட்டது, எடுத்துக்கொண்டது. உங்கள் 8-ஐ அது திறந்துகூடப் பார்க்கவில்லை.

இது நடக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால் பிறகு வரும் பல குழப்பங்கள் தானாகத் தீரும். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது நம் நிரல் ஓடும் ஆர்ம் செயலி இல்லை, ஜிபியு என்ற படக்காட்சிச் செயலி. சில்லுக்குள்ளேயே பதிந்திருக்கும் மாற்ற முடியாத சிறிய நிரல், அதாவது பூட் ரோம், கார்டின் ஃபேட் பார்ட்டிஷனில் பூட்கோட்.பின் கோப்பைத் தேடி எடுக்கிறது. அது ஸ்டார்ட்.ஈஎல்எஃப் கோப்பை ஏற்றுகிறது. ஸ்டார்ட்.ஈஎல்எஃப்தான் கான்ஃபிக்.டிஎக்ஸ்டியைப் படித்து, கெர்னல் பெயரை முடிவு செய்து, அந்தக் கோப்பை நினைவகத்தில் வைத்து, கடைசியாக ஆர்ம் கோர்களை அவிழ்த்துவிடுகிறது. 32 பிட்டா, 64 பிட்டா, எந்த முகவரி என்பதெல்லாம் உங்கள் முதல் கட்டளை ஓடுவதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். பை 4-இல் பூட்கோட்.பின் வேலையை போர்டிலேயே உள்ள ஈஈப்ராம் என்ற அழியாத சிறு நினைவகம் செய்கிறது; கோப்பின் பெயரும் ஸ்டார்ட்4.ஈஎல்எஃப். பை 5-இல் அந்தக் கோப்பும் தேவையில்லை, எல்லாம் ஈஈப்ராமிலேயே.

பெயர்கள் இப்படி: பை 1, ஸீரோ, ஸீரோ டபிள்யூ எல்லாம் கெர்னல்.ஐஎம்ஜி. பை 2, பை 3, ஸீரோ 2 டபிள்யூ எல்லாம் கெர்னல்7.ஐஎம்ஜி. பை 4 இயல்பாகவே 64 பிட், ஆகவே கெர்னல்8.ஐஎம்ஜி; அங்கே ஆர்ம்_64பிட்=0 என்று கொடுத்தால் கெர்னல்7எல்.ஐஎம்ஜி. பை 5 முதலில் கெர்னல்_2712.ஐஎம்ஜி என்று தேடும், இல்லாவிட்டால் கெர்னல்8.ஐஎம்ஜி.

கார்டில் கெர்னல்8 மட்டும் தனியாக இருந்தால் பை 3-உம் 64 பிட்டில் எழும்பும். தொடக்கப் பாடங்கள் பல இதை நம்பித்தான் 'கோப்பை நகலெடுத்தால் போதும்' என்கின்றன. உங்களைப் போல மூன்றையும் சேர்த்து வைக்கும்போதுதான் அது கைவிடுகிறது. எனவே கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்:

ஆர்ம்_64பிட்=1
கெர்னல்=கெர்னல்8.ஐஎம்ஜி
கெர்னல்_அட்ரஸ்=0எக்ஸ்80000
எனேபிள்_யுஆர்ட்=1

இரண்டாவது வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது. கெர்னல்7, கெர்னல்8 போன்ற தெரிந்த பெயர்களைக் கொடுத்தால் ஃபர்ம்வேர், அதாவது போர்டை எழுப்பும் அந்தத் தொடக்க மென்பொருள், பிட் அளவையும் அதற்கேற்பத் தானே மாற்றிக்கொள்ளும். 'விளக்கு.ஐஎம்ஜி' என்று சொந்தப் பெயர் வைத்தால் மாற்றாது. முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொந்தப் பெயரோடு எழுதினால், பை 3 உங்கள் 64 பிட் நிரலைச் சரியாகத் தேடி எடுத்து, 32 பிட் நிலையில் ஓடவிடும். எந்தச் செய்தியும் வராது. நிரலின் எந்தப் பகுதி எந்த முகவரியில் அமைய வேண்டும் என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டை மணிக்கணக்கில் புரட்டிப் பார்க்க வைக்கும் பிழை இது.

இன்னொன்று: பை 2-இன் முதல் வடிவத்தில் இருப்பது கார்டெக்ஸ்-ஏ7 என்ற செயலி. அதற்கு 64 பிட் தெரியவே தெரியாது. 1.2 என்று அச்சிட்ட பை 2-இல்தான் பை 3-இன் குடும்பச் சில்லு இருக்கிறது.

கேள்வி: க்யூஎமுவில் அழகாக ஓடுகிறது. அதே கோப்பை கார்டில் போட்டால் போர்டு ஊமையாகிவிடுகிறது. கார்டு பழுதா?

பெரும்பாலும் கார்டு நன்றாகவே இருக்கும். க்யூஎமு, போர்டைப் போலவே கணினியில் நடித்துக்காட்டும் மென்பொருள். அதில் ஜிபியுவும் இல்லை, ஸ்டார்ட்.ஈஎல்எஃப்பும் இல்லை, கான்ஃபிக்.டிஎக்ஸ்டியை அது படிப்பதும் இல்லை. தேர்வு என்ற படியே அங்கே கிடையாது; கட்டளையில் நீங்கள் கொடுத்த கோப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

முதலில் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளை, அவற்றைப் பதினாறடிமானத்தில் காட்டும் ஹெக்ஸ்டம்ப் கருவியில் பாருங்கள். 7எஃப் 45 4சி 46 என்று தொடங்கினால் அது ஈஎல்எஃப் கோப்பு, வெறும் இமேஜ் அல்ல. க்யூஎமுவுக்கு ஈஎல்எஃப் படிக்கத் தெரியும். எந்தப் பகுதி எங்கே போக வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தலைப்பைப் பார்த்து வைத்துவிடும். ராஸ்பெரி பை ஃபர்ம்வேர் உங்கள் கெர்னலை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. கோப்பை ஒரே கட்டியாக நினைவகத்தில் வைத்து, அதன் முதல் பைட்டுக்குத் தாவும். அங்கே இருப்பது 7எஃப் 45 4சி 46. ஆர்ம் செயலிக்கு அது ஒரு கட்டளையே இல்லை; முதல் அடியிலேயே விழுந்துவிடும். கோப்பு வடிவத்தை மாற்றும் ஆப்ஜ்காப்பி கருவியை '-ஓ பைனரி' என்ற தேர்வோடு ஓட்டி, கிடைக்கும் கோப்பைத்தான் கெர்னல்8.ஐஎம்ஜி என்று பெயரிட வேண்டும். ஈஎல்எஃப்பின் பெயரை மட்டும் மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது.

பைனரியாக மாற்றிய பிறகும் ஓடவில்லையா? மூன்று இடங்களைப் பாருங்கள்.

தொடக்கப் பகுதி லிங்கர் ஸ்கிரிப்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறதா? 'என்ட்ரி' என்று நீங்கள் எழுதியது ஈஎல்எஃப் தலைப்புக்கு மட்டும்தான் பயன்படும். பைனரியில் அது காணாமல் போய்விடும். முதலில் வைக்கப்பட்டது எதுவோ அதுதான் முதலில் ஓடும். ஸி மொழியில் எழுதிய ஏதோ ஒரு ஃபங்ஷன் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால், ஸ்டாக் அமைக்காமலேயே அது ஓடத் தொடங்கும். தொடக்கக் கட்டளைகளுக்கு '.டெக்ஸ்ட்.பூட்' என்று தனிப்பெயர் கொடுத்து, ஸ்கிரிப்டில் அதை முதல் வரியாக, 'கீப்' போட்டு எழுதுங்கள்.

தொடக்க மதிப்பு தராத மாறிகள் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதியைப் பூஜ்ஜியமாக்குகிறீர்களா? பைனரி கோப்பில் பிஎஸ்எஸ் இருக்காது. க்யூஎமுவின் நினைவகம் பூஜ்ஜியமாகவே தொடங்குவதால் குறை வெளியே தெரியாது. போர்டின் நினைவகத்தில் மின்சாரம் வந்தபோது அமைந்த குப்பையும் ஃபர்ம்வேர் விட்டுச் சென்ற மிச்சமும் இருக்கும்.

மூன்றாவது, எந்த யுஆர்ட்டில், அதாவது எழுத்துகளைக் கம்பி வழியாக வெளியே அனுப்பும் எந்தத் தொடர் இணைப்பில், எழுதுகிறீர்கள்? பை 3-இல் 8, 10-ஆம் பின்களுக்கு இயல்பாக வருவது மினி யுஆர்ட். அதன் வேகம் ஜிபியு கடிகாரத்தோடு கட்டப்பட்டது. எனேபிள்_யுஆர்ட்=1 என்ற வரி அந்தக் கடிகாரத்தை 250 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி வைக்கிறது; அது இல்லாவிட்டால் வினாடிக்கு 115200 பிட் வேகத்துக்கு நீங்கள் போட்ட கணக்கு தப்பும். க்யூஎமுவில் இந்தக் கணக்கு தப்பினாலும் எழுத்து சரியாகவே வரும்.

கேள்வி: முதல் வரி 'வணக்கம்' என்று அச்சாகிறது. அடுத்து ஃபங்ஷன் பாயின்டர் அட்டவணை வழியாக ஒரு கட்டளையைக் கூப்பிட்டதும் நின்றுவிடுகிறது. இமேஜ் சரியாகத்தான் தேர்வாகியிருக்கிறது, இல்லையென்றால் முதல் வரியே வராதே?

இமேஜ் சரி, இடம் தவறு என்று சந்தேகப்படுங்கள். 32 பிட் கெர்னல் 0எக்ஸ்8000-இல் வைக்கப்படும். 64 பிட்டுக்குப் பல காலமாகப் பாடங்களில் சொல்லப்பட்டது 0எக்ஸ்80000. இப்போதைய அதிகாரபூர்வ ஆவணம் 64 பிட்டின் இயல்பு முகவரி 0எக்ஸ்200000 என்கிறது. உங்கள் லிங்கர் ஸ்கிரிப்டில் ஒன்று, ஃபர்ம்வேர் வைத்த இடம் வேறொன்று என்றால் நீங்கள் சொன்ன அறிகுறி அச்சுப் பிசகாமல் வரும்.

ஏன் முதல் வரி மட்டும் வந்தது? ஆர்ம் 64-இல் கிளைத் தாவல்களும், 'ஏடிஆர்', 'ஏடிஆர்பி' கட்டளைகளும் இப்போது நிற்கும் இடத்திலிருந்து இத்தனை தூரம் என்றே கணக்கிடும். முழு இமேஜும் சேர்ந்து நகர்ந்தாலும் அந்தத் தூரம் மாறாது. 0எக்ஸ்180000 என்ற வித்தியாசம் 4 கேபியின் முழு மடங்கு என்பதால் ஏடிஆர்பியும் தப்பிவிடுகிறது. ஆனால் ஃபங்ஷன் பாயின்டர் அட்டவணையில் இருப்பவை முழு முகவரிகள், லிங்கர் எழுதியபடியே. அங்கே தாவினால் அந்த இடத்தில் உங்கள் நிரல் இல்லை.

கெர்னல்_அட்ரஸ் வரியை வெளிப்படையாக எழுதி, அதே எண்ணை ஸ்கிரிப்டிலும் வையுங்கள். கூடவே, இமேஜ் எழும்பியதும் செய்யும் முதல் வேலை தன்னை அறிமுகம் செய்துகொள்வதாக இருக்கட்டும். 'ஏடிஆர்' மூலம் தான் நிற்கும் முகவரி, செயலியின் அதிகார நிலையைக் காட்டும் 'கரன்ட்ஈஎல்' பதிவேட்டின் 2, 3-ஆம் பிட்டுகள், செயலி எந்த வகை என்று சொல்லும் 'எம்ஐடிஆர்_ஈஎல்1' மதிப்பு, தொகுத்த தேதி, இந்த நான்கையும் ஒரே வரியில் அச்சிடச் செய்யுங்கள். ஃபர்ம்வேர் இயல்பாக ஈஎல்2 என்ற நிலையில் ஒப்படைக்கும், ஆகவே இரண்டாவது 2 என்று வர வேண்டும். தொகுத்த தேதி அற்பமாகத் தெரியலாம். பழைய இமேஜையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பை 3-இல் ஓடிய கார்டை அப்படியே பை 4-இல் செருகினேன். இரண்டுக்கும் கெர்னல்8.ஐஎம்ஜிதானே? ஏன் ஓடவில்லை?

பெயர் ஒன்று என்பதால் தேர்வாகிறது, ஓடவும் தொடங்குகிறது. ஆனால் பை 3-இல் சாதனங்களின் அடி முகவரி 0எக்ஸ்3எஃப்000000. பை 4-இல் 0எக்ஸ்எஃப்இ000000. பை 1-உம் ஸீரோவும் 0எக்ஸ்20000000. யுஆர்ட் இல்லாத இடத்தில் யுஆர்ட் என்று எழுதிக்கொண்டிருக்கிறது உங்கள் நிரல். முன்னால் சொன்ன எம்ஐடிஆர் இங்கே கைகொடுக்கும். அதன் பகுதி எண் டி03 என்றால் கார்டெக்ஸ்-ஏ53, பை 3 வகை. டி08 என்றால் ஏ72, பை 4. அதைப் பார்த்து அடி முகவரியை மாற்றிக்கொள்ளலாம். அல்லது கான்ஃபிக்கில் [பை3], [பை4] என்று பிரிவு போட்டு ஒவ்வொன்றுக்கும் தனி 'கெர்னல்=' வரி எழுதலாம். கார்டில் ஸ்டார்ட்.ஈஎல்எஃப், ஸ்டார்ட்4.ஈஎல்எஃப் இரண்டும், அவற்றின் ஜோடிகளான ஃபிக்ஸ்அப்.டேட், ஃபிக்ஸ்அப்4.டேட் இரண்டும் இருக்கட்டும்.

கேள்வி: நம்பகமான ஒரு இமேஜையும் சோதனையில் இருக்கும் ஒன்றையும் ஒரே கார்டில் வைத்து, கார்டைக் கழற்றாமல் மாற்றி மாற்றி எழுப்ப வழி உண்டா?

உண்டு. ஒரு சின்ன ஜம்பர் கம்பி போதும். கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில், நாம் விரும்பியபடி பயன்படுத்தும் ஜிபிஐஓ பின் ஒன்றின் நிலையை வைத்தே பிரிவு போடலாம்:

[ஆல்]
ஆர்ம்_64பிட்=1
கெர்னல்_அட்ரஸ்=0எக்ஸ்80000
கெர்னல்=நம்பகம்.ஐஎம்ஜி
[ஜிபிஐஓ4=0]
கெர்னல்=சோதனை.ஐஎம்ஜி
[ஆல்]

ஜிபிஐஓ 4-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 0 முதல் 8 வரையிலான ஜிபிஐஓக்கள் இயல்பிலேயே உள்ளே மேலிழுப்பு உள்ளவை. எதுவும் செருகாமல் விட்டால் 1 என்று படிக்கும். ஜிபிஐஓ 4 இருப்பது 40 பின் தலைப்பின் 7-ஆம் பின்னில். அதே வரிசையில் அடுத்த பின், 9, கிரவுண்ட். இரண்டையும் ஒரு ஜம்பரால் இணைத்து மின்சாரம் கொடுத்தால் சோதனை எழும்பும். உருவிவிட்டுக் கொடுத்தால் நம்பகம். மறுபக்கம் தப்பிப் போய்விடாதீர்கள்: 1-ஆம் பின் 3.3 வோல்ட், 2-உம் 4-உம் 5 வோல்ட். 5 வோல்ட்டை ஜிபிஐஓவில் தொட்டால் சில்லு போய்விடும்.

ஒரே மதிப்பு இரண்டு முறை வந்தால் கடைசியாகப் பொருந்தியதுதான் நிற்கும், ஆகவே நம்பகம் மேலே, சோதனை கீழே. வெவ்வேறு வகைப் பிரிவுகள் ஒன்றன் கீழ் ஒன்று வந்தால் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். [பை4]-க்குக் கீழே [ஜிபிஐஓ4=0] எழுதினால், பை 4-ஆகவும் இருக்க வேண்டும், கம்பியும் இணைந்திருக்க வேண்டும். அதனால்தான் முடிவில் இன்னொரு [ஆல்]. அதை மறந்தால் பிற்பாடு கீழே சேர்க்கும் வரிகள் எல்லாம் கம்பி போட்டால் மட்டுமே வேலை செய்யும்.

இமேஜ்களைத் தனித்தனி அடைவில் வைத்து 'ஓஎஸ்_ப்ரிஃபிக்ஸ்' மூலம் மாற்றலாம் என்று சிலர் முயல்வார்கள். அந்த அடைவில் கெர்னலோடு, போர்டின் சாதனங்களை விவரிக்கும் டிடிபி கோப்பும் இருந்தால்தான் ஃபர்ம்வேர் அதை மதிக்கும். இல்லாவிட்டால் அந்த வரியே இல்லாதது போல நடந்துகொள்ளும். பேர்-மெட்டல் அடைவில் டிடிபி இருப்பது அபூர்வம். எனக்கு ஜம்பர் வழிதான் பிடித்தது, கண்ணால் பார்த்தாலே எது எழும்பும் என்று தெரிகிறது.

அதே கார்டில் லினக்ஸும் இருந்தால் 'ட்ரைபூட்' இன்னும் நல்லது. லினக்ஸிலிருந்து ரீபூட் கட்டளைக்கு '0 ட்ரைபூட்' என்று மேற்கோளுக்குள் கொடுத்தால், அடுத்த ஒரே ஒரு முறைக்கு மட்டும் கான்ஃபிக்.டிஎக்ஸ்டிக்குப் பதிலாக ட்ரைபூட்.டிஎக்ஸ்டி படிக்கப்படும். சோதனை தொங்கிப்போனால் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள், பழையது தானாக வந்துவிடும்.

கேள்வி: பை 5-இல் கெர்னல்8.ஐஎம்ஜி மட்டும் போட்டேன். எழும்பவே மறுக்கிறது.

பை 5 கொஞ்சம் எச்சரிக்கையான போர்டு. தனக்குப் பொருந்தாத பழைய கெர்னலை ஏற்றித் தொங்கிவிடக் கூடாது என்று, பார்ட்டிஷனில் தனக்கேற்ற டிடிபி இருக்கிறதா என முதலில் பார்க்கும். உங்களிடம் அது இல்லை. 'ஓஎஸ்_செக்=0' என்று எழுதுங்கள்; பேர்-மெட்டல்காரர்களுக்காகவே உள்ள வரி அது.

அடுத்த சிக்கல் யுஆர்ட். 40 பின் தலைப்பு இப்போது ஆர்பி1 என்ற தனிச் சில்லில், பிசிஐஇ என்ற இணைப்புக்கு அப்பால் இருக்கிறது, ஓ.எஸ்.ஸிடம் ஒப்படைக்கும் முன் ஃபர்ம்வேர் அந்த இணைப்பை ரீசெட் செய்துவிடும். 'எனேபிள்_ஆர்பி1_யுஆர்ட்=1' என்றால் யுஆர்ட் 115200-இல் தயாராக, ரீசெட் ஆகாமல் கிடைக்கும். தொடக்கத்துக்கு இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐகளுக்கும் நடுவே உள்ள 3 பின் டீபக் இணைப்பே எளிது. அது முதன்மைச் சில்லிலேயே, 0எக்ஸ்107டி001000-இல் இருக்கிறது. 32 பிட் கெர்னலை பை 5 ஏற்காது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பச்சை விளக்கு ஏழு முறை சிமிட்டி நிற்கிறது.

கெர்னல் இமேஜ் கிடைக்கவில்லை என்று பொருள். நான்கு என்றால் ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை. இரண்டு நீளம், ஒரு குறுகல் என்றால் பார்ட்டிஷன் ஃபேட் வகையில் இல்லை. ஏழு வந்தால் கான்ஃபிக்கில் எழுதிய பெயரையும் கார்டில் உள்ள பெயரையும் எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள். விண்டோஸில் கோப்பு நீட்சிகள் மறைக்கப்பட்டிருந்தால் உங்கள் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி உண்மையில் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி ஆக இருக்கக்கூடும். அப்படியானால் நீங்கள் எழுதிய ஒரு வரியும் படிக்கப்படவில்லை.

கேள்வி: பீகிள்போன் பிளாக்கிலும் ஆல்வின்னர் சில்லுள்ள ஒரு போர்டிலும் கெர்னல்.ஐஎம்ஜி என்று பெயர் வைத்துப் பார்த்தேன். இரண்டும் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் பெயருக்கு அங்கே அர்த்தமில்லை. பீகிள்போன் பிளாக்கின் பூட் ரோம் ஃபேட் பார்ட்டிஷனில் தேடுவது எம்எல்ஓ என்ற கோப்பை. அது யூ-பூட் என்ற பூட்லோடரை, அதாவது இமேஜை ஏற்றி ஓடவிடும் நிரலை, ஏற்றும். எந்த இமேஜ் என்பதை யூ-பூட்டின் 'பூட்சிஎம்டி' மாறி முடிவு செய்யும். போர்டு இயல்பாக உள்ளிருக்கும் ஈஎம்எம்சி சேமிப்பகத்தைத்தான் முதலில் பார்க்கும். எஸ்டி கார்டிலிருந்து எழ எஸ்2 பட்டனை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுங்கள். ரீசெட் பட்டனோடு சேர்த்து அழுத்துவதில் பயனில்லை, அந்த நிலை மின்சாரம் வரும் கணத்தில்தான் பதிவாகிறது.

யூ-பூட் எண்ணத் தொடங்கியதும் ஸ்பேஸ் விசையைத் தட்டி நிறுத்துங்கள். 'ஃபேட்லோட் எம்எம்சி 0:1 0எக்ஸ்82000000 நிரல்.பின்', அடுத்து 'டிகேஷ் ஆஃப்', அடுத்து 'கோ 0எக்ஸ்82000000'. நடுவில் உள்ளதைத் தவிர்த்தால், ஏற்றிய கட்டளைகள் கேஷ் என்ற இடைநினைவிலேயே தங்கி, செயலி பழைய நினைவகத்தைப் படிக்க வாய்ப்பு உண்டு. முகவரிகளை மாற்றித்தரும் எம்எம்யுவும் யூ-பூட் விட்டபடியே ஓடிக்கொண்டிருக்கும். யூ-பூட் தன்னை ராமின் உச்சிக்கு நகர்த்திக்கொள்ளும், ஆகவே அங்கே ஏற்றாதீர்கள். 'பிடிஇன்ஃபோ' காட்டும் இடமாற்ற முகவரி எல்லையைச் சொல்லும். 64 பிட் போர்டுகளில் 'பூட்ஐ' கட்டளை ஆர்ம்64 இமேஜ் தலைப்பை எதிர்பார்க்கும். வெறும் பைனரிக்கு 'கோ'தான். கையால் ஓடுகிறது என்று உறுதியான பிறகே மூன்றையும் பூட்சிஎம்டியில் இட்டு 'சேவ்என்வ்' செய்யுங்கள்.

ஆல்வின்னர் ரோம் ஆரம்பத்தில் எந்தக் கோப்பையும் தேடாது. கார்டின் 8 கேபி தூரத்தில், அதாவது 16-ஆவது செக்டரில், நேராகப் படிக்கும். புதிய சில சில்லுகள் 128 கேபியிலும் பார்க்கும். ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை 2 முதல் 33 வரையிலான செக்டர்களைப் பிடித்துக்கொள்வதால் 16-ஆவதில் எழுதுவது அதோடு மோதும். எம்பிஆர் அட்டவணை போட்டு, முதல் பார்ட்டிஷனை 1 எம்பிக்கு அப்பால் தொடங்குங்கள்.